பஞ்சப்படி பிறந்த கதை

ரேணிகுண்டாவில் என் மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு நீள நோட்டு எப்போதும் கிடக்கும். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி எல்லாம் முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் வேறு கணக்கு. மாதத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். 2024 ஜூலைக்கு 142.7, ஆகஸ்டுக்கு 142.6, அப்படியே வரி வரியாகக் கீழே வந்தால் 2025 ஜூனுக்கு 145.0. சிம்லாவில் இருக்கும் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இது. ரயில்வேயில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு அது "பாயிண்டு". மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனால் முதல் பேச்சே "பாயிண்டு எவ்வளவு ஏறியிருக்கு, பாத்தியாப்பா?" என்பதுதான்.

பன்னிரண்டு மாத எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார்: 143.57. அதை அரசாங்கச் சூத்திரப்படி 2.88 ஆல் பெருக்கினால் 413.47. அதிலிருந்து 261.42ஐக் கழித்து, வந்ததை மறுபடி 261.42 ஆல் வகுத்தால் 58.16 சதவீதம். புள்ளிக்குப் பின்னால் வருவதை அரசாங்கம் எடுத்துக்கொள்ளாது. ஆகவே 58. தில்லியில் அமைச்சரவை கூடி 58 சதவீதம் என்று அறிவித்தது 2025 அக்டோபர் 1ஆம் தேதி. மாமா நோட்டில் அந்த எண் ஆகஸ்டிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டு இருந்தது.

விலைவாசி ஏற ஏறச் சம்பளத்தோடு சேர்க்கும் இந்தத் தொகைக்குச் சர்க்கார் தமிழில் பெயர் அகவிலைப்படி, ஆபீஸ் பேச்சில் டி.ஏ. ஓய்வு பெற்றவர்களுக்கு அதே தொகை அகவிலை நிவாரணம். அகவிலை என்றால் தானியத்தின் விலை. ஆனால் பழைய தொழிலாளிகள் வாயில் அது பஞ்சப்படிதான். ரேணிகுண்டாவில் பாதிப் பேச்சு தெலுங்கு. அங்கே அதற்குப் பெயர் கருவு பத்யம். கருவு என்றாலும் பஞ்சம்தான். மலையாளத்தில் க்ஷாமபத்தா, அதுவும் பஞ்சமே. சம்பளச் சீட்டில் ஒரு வரியாக அச்சாகும் தொகைக்கு மூன்று மொழிகளில் பஞ்சத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா வந்து ஒட்டியதில்லை.

1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக வாட்டிய பகுதிகளில் கடப்பையும் இன்றைய ராயலசீமையின் மற்றச் சீமைகளும் அடங்கும். வட ஆற்காடும் தப்பவில்லை. சித்தூர் அப்போது வட ஆற்காட்டைச் சேர்ந்தது, தனி மாவட்டமானது 1911இல்தான். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாகக் கடப்பைக்குப் போகும் தண்டவாளம் அதற்குள் ராய்ச்சூரைத் தொட்டு பம்பாயோடு இணைந்திருந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகள் அந்தப் பாதையில் ஏறி உள்நாட்டுக்குப் போயின. அதே பாதைக்குப் பக்கத்து ஊர்களில் ரோடு போடவும் ஏரி தூர்வாரவும் நிவாரண வேலைக்கு ஜனங்கள் கூடினார்கள்.

நிவாரண வேலைக்கு எவ்வளவு கூலி கொடுப்பது? 1877இல் பஞ்சப் பணிக்கென்று அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். வளர்ந்த ஆணுக்கு நாள் முழுதும் உடலுழைப்புக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. "டெம்பிள் கூலி" என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், மண் சுமக்கிற உடம்பு இந்தத் தானியத்தில் தேயுமே தவிரத் தாங்காது என்று எழுத்தில் போராடினார். பம்பாய் மாகாணத்தில் நிவாரண வேலையாட்கள் முகாம்களை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பட்டினி கிடந்தவர்களே கூலி போதாது என்று வேலையை விட்டுப் போனார்கள் என்றால், அந்த ஒரு பவுண்டு எப்படிப்பட்ட அளவாக இருந்திருக்கும்!

உழைக்கிற ஆள் உயிரோடு இருக்க எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியை அரசாங்கம் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதியது அப்படித்தான். நிவாரணம் என்ற அதே சொல்தான் இன்று நம் ஓய்வூதியச் சீட்டிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தானிய விலை ஒரு அளவைத் தாண்டினால் கீழ்மட்டச் சிப்பந்திகளுக்குத் தானிய ஈட்டுத்தொகை என்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. விலை இறங்கினால் அது நின்றுவிடும். படியளப்பது என்று நாம் சொல்வது போல, அளப்பவர் மனசு வைத்தால் உண்டு.

அளப்பவர் மனசிலிருந்து அதை வெளியே எடுத்தவர்கள் தொழிலாளிகள். 1917இல் அகமதாபாத்தில் பிளேக் வந்தது. ஊரைவிட்டு ஆட்கள் ஓடாமல் தறி ஓட வேண்டும் என்று மில் முதலாளிகள் பிளேக் போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் அதை நிறுத்தப் பார்த்தார்கள். யுத்தத்தால் அதற்குள் விலைவாசி தலைக்கு மேல் போயிருந்தது. நெசவாளிகள் 50 சதவீதம் பஞ்சப்படி கேட்டார்கள், முதலாளிகள் 20 சதவீதம் என்றார்கள், காந்தி கணக்குப் பார்த்து 35 நியாயம் என்றார். அனசூயா சாராபாய் தொழிலாளிகள் பக்கம் நின்றார். எதிர்த்தரப்பில் முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். மார்ச் மாதம் காந்தி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் நடுவர் தீர்ப்பில் 35 கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் சென்னையில் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செப்டம்பரில் சென்னைக் கடைகளில் அரிசி சூறையாடப்பட்டது. இவை ஒரே வருஷத்தில் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரிசி விலைதான் மூன்றுக்கும் நடுவில் ஓடுகிற நூல்.

ரயில்வேக்கு அது வந்தது இரண்டாம் உலக யுத்தத்தில். ஜி.ஐ.பி. ரயில்வே தொழிலாளிகள் பஞ்சப்படி கேட்டு எழுப்பிய தகராறை விசாரிக்க 1940இல் பி.என். ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. பின்னாளில் அரசியல் சாசன ஆலோசகராக இருந்த அதே ராவ்தான். அடிமட்டக் கூலியை விலைவாசி தின்ன விடக்கூடாது என்ற எண்ணம் அந்த விசாரணையில்தான் ரயில்வே விதியாகத் தொடங்கியது. பணமாகப் படி ஒருபக்கம், தானியமாகக் கடை ஒருபக்கம். யுத்தக் காலத்தில் ரயில்வே தன் ஊழியர்களுக்குத் தானியக் கடைகள் நடத்திச் சலுகை விலையில் அரிசியும் பருப்பும் அளந்தது. படி என்ற சொல்லுக்கு அப்போது இரண்டு அர்த்தமும் சரியாகப் பொருந்தியது.

சுதந்திரம் வந்த 1947இல் முதல் சம்பளக் கமிஷன் அறிக்கை தந்தது. தலைவர் எஸ். வரதாச்சாரியார், ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். கடைநிலை ஊழியருக்கு அவர் வகுத்த மாத வருமானம் 55 ரூபாய். அதில் சம்பளம் 30, பஞ்சப்படி 25. கிட்டத்தட்டப் பாதி. தற்காலிகம் என்று வந்த தொகை அதற்குள் கூலியின் பாதியாகிவிட்டது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கு மட்டும். ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவருக்கு அரிசி மலிவாகக் கிடைத்ததா என்ன? அவர்களுக்குத் தற்காலிக உயர்வு என்ற பெயரில் எப்போதாவது சில ரூபாய் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

ரயில்வேயில் அந்தச் சில ரூபாய்க்கும் இடமில்லாதவர்கள் நிறையப் பேர். அங்கே ஓய்வூதியத் திட்டமே 1957 நவம்பர் 16இல்தான் வந்தது. அதுவரை வருங்கால வைப்பு நிதி, ஓய்வில் ஒரு மொத்தத் தொகை, அதோடு சரி. திட்டம் வந்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு விருப்பப் படிவம் கொடுத்தார்கள். பென்ஷனா, வைப்பு நிதியா? கையெழுத்து போடவேண்டும்.

அந்தப் படிவத்தை ஒரு கேங்மேன் கையில் வைத்துப் பாருங்கள். தண்டவாளத்தில் ஜல்லி கொட்டியே 50 வயதைத் தொட்டவர். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள். கைக்கு ஒரே தவணையில் சில ஆயிரம் வரும் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். மாதம் இருபதோ முப்பதோ சாகும் வரை வரும் என்பது, அதுவும் தான் எத்தனை நாள் இருப்போம் என்று தெரியாதபோது, காற்றில் எழுதியதுபோல. ஏராளமானவர்கள் மொத்தத் தொகை பக்கம் பெருவிரலை அழுத்தினார்கள். அப்போது அது முட்டாள்தனமான முடிவும் அல்ல. அன்றைய பென்ஷன் விலைவாசியோடு ஏறுவதில்லை, தொகையும் சொற்பம். அது பின்னால் ஏறப்போகிறது என்று படிவத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

ஏறத் தொடங்கியது 1973இல், மூன்றாம் சம்பளக் கமிஷனோடு. குறியீட்டெண் 200ஐத் தாண்டி ஒவ்வொரு 16 புள்ளி ஏறும்போதும் ஓய்வூதியத்தில் 5 சதவீதம் நிவாரணம். குறைந்தது 5 ரூபாய், அதிகபட்சம் 25 ரூபாய். ஓய்வு பெற்றவருக்கும் விலைவாசிக்கும் விதிப்படி ஒரு முடிச்சு விழுந்தது அப்போதுதான். அது அரைகுறை முடிச்சு என்பதையும் சொல்ல வேண்டும். 200க்கு 16 என்றால் விலை 8 சதவீதம் ஏறியிருக்கிறது. நிவாரணம் 5. மீதி மூன்றைப் பெரியவர் தன் தட்டிலிருந்து கொடுக்கிறார். ஆனால் அந்தக் குறைந்தபட்சம் 5 ரூபாய் என்ற வரியை எழுதியவருக்கு நான் கைகூப்புவேன். 60 ரூபாய் பென்ஷன் வாங்கிய விதவைக்கு அது 8 சதவீதத்துக்கு மேல்.

மறு வருஷம் 1974 மே 8. பதினேழு லட்சம் ரயில்வே தொழிலாளிகளின் பெயரில் வேலைநிறுத்தம், 20 நாள். பஞ்சப்படி கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள். மே 27இல் நின்றது. ஜூலையில் அரசாங்கம் இன்னொன்று செய்தது: கூடுதலாகக் கிடைக்கவேண்டிய பஞ்சப்படியில் பாதியைக் கையில் கொடுக்காமல் கட்டாய வைப்பாகப் பிடித்து வைத்தது. பணவீக்கத்தை அடக்கவாம். அந்தப் பணத்தைப் பிறகு வட்டியோடு தவணைகளில் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. இதை நினைவில் வையுங்கள், 2020க்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்த முடிச்சை இறுக்கியது நீதிமன்றம். 1979இல் ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கிய அரசு, மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று கோடு கிழித்தது. பாதுகாப்புத் துறை நிதிப் பிரிவில் இருந்து 1972இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1982 டிசம்பர் 17இல் ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்பதைத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. டிசம்பர் 17ஐ இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் விருப்பப் படிவத்தில் பெருவிரல் வைத்தவர்களுக்கு நகாரா வழக்கு வழி திறக்கவில்லை. அவர்கள் தரப்பில் நடந்த கிருஷ்ண குமார் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், வைப்பு நிதிக்காரர்களும் ஓய்வூதியக்காரர்களும் வேறு வேறு வகுப்பு என்றது. அவர்களில் இறந்தவர்களின் விதவைகளுக்கு 1986 முதல் மாதம் 150 ரூபாய் கருணைத் தொகை வந்தது. உயிரோடு இருந்தவர்களுக்கு 1997 நவம்பரிலிருந்து 600 ரூபாய். 1957இல் கையெழுத்துப் போட்டவர்களில் அதற்குள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சட்டப்படி சரியான தீர்ப்பாக இருக்கலாம். நியாயப்படி, அரசாங்கம் பின்னால் மாற்றிக்கொண்ட வாக்குறுதியை முன்கூட்டியே ஊகிக்காத குற்றத்துக்குத் தண்டவாளத் தொழிலாளியைத் தண்டித்ததுதான் அது. எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியவில்லை.

நான்காம் சம்பளக் கமிஷன் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு தவணை வகுத்தது. விலையேற்றத்தை முழுமையாக ஈடுகட்டியது குறைந்த சம்பளக்காரருக்கு மட்டும். அந்தப் பாகுபாட்டை நீக்கி, எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு என்று பரிந்துரைத்தது ஐந்தாம் கமிஷன், 1997இல். தலைவர் எஸ். ரத்னவேல் பாண்டியன், திருநெல்வேலிச் சீமைக்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். டெம்பிளின் ஒரு பவுண்டிலிருந்து பாண்டியனின் நூறு சதவீதத்துக்கு வந்துசேர 120 வருஷம் ஆனது. மாமா நோட்டில் கணக்குப் போடுவது அந்த நூறு சதவீதத்தை வைத்துத்தான்.

அதுவும் முழு நூறு அல்ல என்பார் மாமா. 2025 ஜூலைக்கான 58 சதவீதம் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாத விலைகளின் சராசரி. கைக்கு வந்தது அக்டோபரில். 2024இல் தக்காளிக்குக் கொடுத்த விலைக்கு ஈடு ஒரு வருஷம் கழித்து வருகிறது. இன்னொன்றும் உண்டு. இந்தக் குறியீடு தொழிலாளி குடும்பத்தின் செலவுக்கூடையை வைத்துப் போடுவது. 2016ஐ அடிப்படையாக வைத்த புதிய கூடையில் உணவுக்கு 39.17 சதவீத எடை. 2001 கூடையில் அது 46.2 ஆக இருந்தது. எழுபது வயதுக்காரரின் கூடை இதுவல்ல. மாமா வீட்டு ஃபிரிட்ஜின் மேல் தட்டில் இன்சுலின், கதவில் கண் சொட்டு மருந்து, மேலே பிளாஸ்டிக் டப்பாவில் நாளுக்கு ஏழு மாத்திரை. அந்த டப்பாவின் விலையேற்றத்தைச் சிம்லா தனியாக எண்ணுவதில்லை.

2020 ஏப்ரல் 23. கொரோனா ஊரடங்கில் மத்திய அரசு மூன்று தவணை பஞ்சப்படியை நிறுத்தி வைத்தது. 17 சதவீதத்திலேயே எல்லோரும் நின்றார்கள். 2021 ஜூலையில் ஒரேயடியாக 28 ஆக்கினார்கள், ஆனால் நடுவில் போன 18 மாதத்துக்கு நிலுவை கிடையாது என்றார்கள். மிச்சமான தொகை சுமார் 34,400 கோடி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 20,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் வாங்கும் ஒருவரின் பங்கு அதில் எவ்வளவு? முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 7, கடைசி ஆறு மாதம் 11. மொத்தம் 26,400 ரூபாய். பெருந்தொற்றில் நாட்டுக்குப் பணம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. 1974இல் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2020இல் பிடித்தது வயதானவர்களின் மருந்துச் செலவிலிருந்து எடுத்தது, அதையும் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு இந்த நோட்டே தேவைப்படாமல் போனது. அவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம். சந்தையில் போட்ட பணத்திலிருந்து வரும் ஆண்டுத்தொகை, பஞ்சப்படி கிடையாது. ஆந்திர மாநில ஊழியர்களுக்கு அதே 2004 செப்டம்பரிலிருந்து பங்களிப்பு ஓய்வூதியம், தமிழ்நாட்டில் ஒரு வருஷம் முன்பே, 2003 ஏப்ரலில். இருபது வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஏப்ரல் 1இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. 25 வருஷம் வேலை செய்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, அதோடு அகவிலை நிவாரணம். இதற்கும் ஒரு விருப்பப் படிவம்! கெடு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு நவம்பர் 30 வரை போனது. ரேணிகுண்டா டீக்கடைகளில் இளம் டெக்னீஷியன்கள் இதையா அதையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது 1957இன் பெருவிரல் மசிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

போன நவம்பரில் மாமாவின் உயிர்வாழ் சான்றுக்காகக் கூடப் போய்விட்டுத் திரும்பினோம். திண்ணையில் ஓர் அம்மா காத்திருந்தார். 57 வயது. ரயில் பெட்டி கழுவும் வேலை, ஒப்பந்தக்காரரிடம். மாமா தெருவிலேயே குடியிருக்கிறார். பி.எஃப். கணக்கை மகன் போனில் எடுத்துக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தான். "அண்ணா, எனக்கு எவ்வளவு வரும்னு பாருங்க" என்று நீட்டினார்.

தனியார் தொழிலாளிகளுக்கான ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16இல் பிறந்தது, ரயில்வே திட்டத்தின் அதே தேதியில். சம்பளத்தை வேலை செய்த வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது விதி. சம்பள உச்சவரம்பு 15,000. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், அது அப்படியே நிற்கிறது. ஆந்திர அரசு முதியோருக்கு மாதா மாதம் முதல் தேதி வாசலில் வந்து கொடுக்கும் உதவித்தொகை 2024 ஜூலையிலிருந்து 4,000. முதியோருக்கு அது கிடைக்கட்டும், இன்னும் கூடட்டும். பத்துப் பதினைந்து வருஷம் தன் கூலியிலிருந்து கட்டியவருக்கு 1,000 என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இரண்டில் எதற்கும் பஞ்சப்படி இல்லை. முதியோர் தொகை தேர்தலுக்குத் தேர்தல் ஏறுகிறது, இது அதற்கும் ஏறுவதில்லை.

மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கி நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்தார். சம்பளம் 12,000. காகிதத்தில் 11 வருஷம். பெருக்கி வகுத்து 1,886 என்று எழுதினார்.

"இதுல டி.ஏ. எவ்வளவுண்ணா சேரும்?"

"இதுக்கு டி.ஏ. கிடையாதும்மா."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாமா காகிதத்தை மறுபடி மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். "இதுக்கு முன்னாடி வேற காண்ட்ராக்டர்கிட்ட இருந்தியேம்மா, ரெண்டு வருஷம்? அந்தப் பணத்தை எடுத்தியா?"

"எடுக்கலைண்ணா. அந்தச் சீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

அவர் போனதும் மாமா 11க்குக் கீழே 13 என்று எழுதினார். இந்த முறை 2,229 வந்தது. இரண்டுக்கும் நடுவில் 343 என்று எழுதி, சிவப்பு மை பேனாவைத் தேடினார்.